வெள்ளத்தில் நின்ற மகிழுந்து

முன்னுரை

காஞ்சிபுரத்துக்குத் தென்கிழக்கே பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடத்தில் அமைந்த சிற்றூர் திருமுக்கூடல். மூன்று ஆறுகள் கூடுவதாலேயே அவ்வூர் அப்பெயர் பெற்றது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டில் அங்கே கல்விச்சாலை ஒன்றும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை எனும் மருத்துவமனை ஒன்றும் இயங்கிய செய்தியை அது விரிவாகக் கூறுகிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்பவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் என ஒவ்வொருவர்க்கும் உரிய ஊதியத்தை வகுத்துரைக்கும் அக்கல்வெட்டு, தமிழ் பயில்வோர் ஒருமுறையேனும் நேரில் காணத்தக்கதாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகைத் திங்களில் அக்கல்வெட்டைக் காணச் சென்றோம். கண்டு மகிழ்ந்தோம். ஆனால் திரும்பும் வழியில் நாம் கற்ற பாடம் கல்வெட்டைப் பற்றியதன்று, மகிழுந்தைப் பற்றியது. தமிழ்த் துறை மலரில் மகிழுந்துப் பொறிக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். நம் மாணவர் பலர் இல்லங்களில் இன்று மகிழுந்து இருக்கிறது. வாடகை வண்டி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தந்தையரும் பலர் இருக்கின்றனர். மழைக்காலமோ ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. ஆகவே நாம் செய்த பிழையை மறைக்காமல் எடுத்துரைத்து, அதன் காரணத்தையும் தீர்வையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அன்று நேர்ந்தது

நாம் சென்றது வாடகை வண்டி. ஓட்டுநர் முப்பது வயது கடவாத இளைஞர். நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறியை விட்டுவிட்டு, வங்கிக் கடனில் வண்டி வாங்கி, முகூர்த்த நாள்களில் பட்டுப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வருவோரை ஏற்றி இறக்கிப் பிழைத்து வந்தார். திருமுக்கூடலிலிருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்து பழையசீவரம் வந்து, வாலாஜாபாத்தை நோக்கித் திரும்பியபோது மழை வலுத்தது. தாழ்வான ஓரிடத்தில் சாலையின் குறுக்கே நீர் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே வந்த லாரி ஒன்று அலை எழுப்பிக்கொண்டு கடந்து சென்றது. அவ்வலை நம் வண்டியின் முகப்பில் மோதிய சில நொடிகளில் பொறி இருமுறை திணறி நின்றுவிட்டது.

இறங்கிப் பார்த்தோம், முழங்காலளவு நீர். இளைஞர் திகைத்து நின்றார். அப்போதுதான் நம் வாய் சும்மா இருக்கவில்லை. "தம்பி, நனைந்திருக்கும், அவ்வளவுதான். துணியால் துடைத்துவிட்டு இரண்டு முறை செல்ஃப் அடித்தால் கிளம்பிவிடும். அந்தக் காலத்தில் அம்பாசிடரை இப்படித்தான் ஓட்டினோம்" என்று சொன்னோம். "வேண்டாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன் ஐயா" என்று அவர் தயங்கினார். ஆனாலும் ஆசிரியர் சொல்கிறாரே என்ற மதிப்பில் சாவியைத் திருப்பினார். 'டக்' என்ற ஓசை எழுந்தது, பொறி சுற்றவில்லை. இரண்டாம் முறையும் அவ்வாறே. மூன்றாம் முறை பொறி உயிர் பெற்றது போல் ஒரு கணம் உறுமியது. உடனே இரும்போடு இரும்பு மோதும் ஓசையுடன் அடங்கியது. அதன்பின் அது எழவேயில்லை.

வாலாஜாபாத்தில் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் மறுநாள் பொறியைப் பிரித்துக் காட்டினார். ஒரு கனெக்டிங் ராடு கொக்கி போல் வளைந்திருந்தது. "நின்ற இடத்திலேயே விட்டிருந்தால் ஒரு நாள் வேலையோடு போயிருக்கும்" என்றார் அவர். நாம் சொன்ன ஒரு சொல் அவ்விளைஞரின் பல திங்கள் வருவாயை விழுங்கிவிட்டது.

பொறி இயங்கும் முறை

இது ஏன் நேர்ந்தது என அறிய, பொறியின் இயக்கத்தைச் சற்றே அறிதல் வேண்டும். மகிழுந்துப் பொறியில் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு உருளைகள் இருக்கும். ஒவ்வோர் உருளைக்குள்ளும் பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடும். அது முதலில் கீழிறங்கிக் காற்றை உறிஞ்சும். பிறகு மேலேறி அக்காற்றை நெருக்கும். எரிபொருள் எரிந்து அதனைக் கீழே தள்ளும். மீண்டும் மேலேறிப் புகையை வெளியேற்றும். இந்நான்கும் மாறி மாறி நடைபெறுவதால் இதனை நான்கு வீச்சுப் பொறி என்பர். பிஸ்டனையும் கீழே சுழலும் கிராங்க் தண்டையும் பிணைப்பது கனெக்டிங் ராடு எனும் இணைப்புத் தண்டாகும்.

இவற்றுள் இரண்டாவதாகிய நெருக்குதலே நாம் கருதவேண்டியது. பெட்ரோல் பொறியில் காற்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. டீசல் பொறியில் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்கப்படுகிறது. காற்று அவ்வாறு நெருங்கும் இயல்புடையது. நீரோ நெருங்காது. உருளைக்குள் நீர் புகுந்திருக்கையில் பிஸ்டன் மேலேறினால், அது பாறையில் மோதியது போல் நின்றுவிடும். பழுது பார்ப்போர் இதனை 'ஹைட்ரோ லாக்' என்பர். நீர்ப்பூட்டு என்று நாம் கூறலாம்.

எவ்வளவு நீர் புகுந்தால் இது நேரும்? கணக்கிட்டுப் பார்ப்போம். 1,200 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு உருளைப் பொறியில் ஓர் உருளையின் பங்கு 300. பத்தில் ஒன்றாக நெருக்கும் பெட்ரோல் பொறியானால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது எஞ்சும் இடம் ஏறத்தாழ 33 கன சென்டிமீட்டரே. அதாவது ஏழு தேக்கரண்டி நீருக்கும் குறைவு. அதே அளவுள்ள டீசல் பொறியானால் 20 கன சென்டிமீட்டர், அதாவது நான்கு தேக்கரண்டி நீர் போதும். வாளி வாளியாக நீர் புக வேண்டும் என்பதில்லை. ஒரு வாய் நீர் பொறியைக் கெடுக்கும்.

நம் இளைஞரின் வண்டியில் முதல் இரண்டு முறை எழுந்த 'டக்' என்ற ஓசை இந்த நீர்ப்பூட்டின் ஓசையே. செல்ஃப் மோட்டாருக்கு அதனை வெல்லும் ஆற்றல் இல்லாமையால் பொறி சுற்றாது நின்றது. மூன்றாம் முறை நீர் புகாத மற்ற உருளைகளில் எரிபொருள் பற்றி எரிந்து வலிந்து தள்ளியது. ஒரு பக்கம் தள்ளும் வலிமை, மறு பக்கம் விட்டுக்கொடுக்காத நீர். இடையில் அகப்பட்ட இணைப்புத் தண்டு வளைந்தது. சில வேளைகளில் தண்டு சிறிதளவே வளைய, வண்டி கிளம்பியும்விடும். ஓட்டுநர் தப்பித்தோம் என மகிழ்வார். சில கிழமைகளுக்குப் பின் அத்தண்டு உடைந்து பொறியின் சுவரையே துளைத்துவிடுவதுண்டு.

நீர் புகும் வழி

மூடி வைத்த பொறிக்குள் நீர் எவ்வழியே நுழைகிறது? காற்று நுழையும் வழியே. வண்டியின் முகப்பில் காற்றை இழுக்கும் குழாய் ஒன்றுண்டு. அது ஏர் ஃபில்டர் எனும் காற்று வடிகட்டி வழியாக உருளைகளைச் சென்றடையும். குளிர்ந்த காற்று வேண்டும் என்பதற்காகப் புதிய வண்டிகள் பலவற்றில் இதன் வாயை முன் விளக்கை ஒட்டியோ, இன்னும் தாழ்வாகவோ அமைத்துள்ளனர். அவ்வாய் நீருக்குள் மூழ்கினால், பொறி காற்றுக்குப் பதில் நீரைக் குடிக்கும்.

சாலையில் நிற்கும் நீரின் ஆழத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தல் தவறு. வேகமாகச் செல்லும் வண்டி தன் முன்னே தானே அலை எழுப்பிக்கொள்ளும். எதிரே வரும் பேருந்தும் லாரியும் எழுப்பும் அலை அதனினும் உயரமானது. பொதுவாக, நீர் சக்கரத்தின் நடுப்பகுதியை எட்டுமாயின் சிறிய மகிழுந்து அதில் இறங்காமலிருப்பதே நன்று. நீர் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் ஆபத்து. ஓடும் நீர் இரண்டடி இருந்தால் பெரிய வண்டியையும் புரட்டிச் செல்லும் என்பதை மறத்தலாகாது.

பழைய அறிவும் புதிய வண்டியும்

நாம் சொன்ன அறிவுரை முழுப் பொய்யன்று. காலம் கடந்த உண்மை. அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய நாள்களில் பெட்ரோல் பொறிக்குத் தீப்பொறியைப் பகிர்ந்தளித்தது டிஸ்டிரிபியூட்டர் எனும் கருவி. சிறிது நீர் தெறித்தாலே அதன் மூடிக்குள் ஈரம் கோத்து மின்சாரம் கசியும், பொறி நின்றுவிடும். பெரும்பாலும் உருளைக்குள் நீர் புகுமுன்னரே வண்டி நின்றுவிடுவதால், அக்குறையே பொறிக்குக் காவலாகவும் அமைந்தது. மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தால் வண்டி கிளம்பிவிடும். அக்கருவியின்மேல் பிளாஸ்டிக் உறையைக் கட்டிக்கொள்வதும், விசிறி நீரை வாரி இறைக்காதிருக்க பேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மெல்லக் கடப்பதும் அக்கால ஓட்டுநர் அறிந்த உத்திகள்.

இன்றைய வண்டிகளில் டிஸ்டிரிபியூட்டர் இல்லை. மின் இணைப்புகள் ஈரம் புகாதவாறு பாதுகாக்கப்பட்டுள்ளன. ஆதலால் பழைய வண்டி நின்றுபோகும் இடத்தையும் தாண்டிப் புதிய வண்டி ஓடும். காற்று வாய் மூழ்கும் வரை ஓடும். டீசல் பொறிக்குத் தீப்பொறியே தேவையில்லை என்பதால் அது இன்னும் பிடிவாதமாக ஓடும். எனவே இன்று ஒரு வண்டி நீருக்குள் நின்றுவிட்டால், நீர் உள்ளே புகுந்துவிட்டது என்றே கொள்ளுதல் வேண்டும். அன்று துடைத்துவிட்டுச் சாவியைத் திருப்பியது மருந்து. இன்று அதுவே நஞ்சு. அம்பாசிடரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றது. அதைப் பற்றிய அறிவோ நம் மனத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மூத்தோராகிய நாம் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

நின்ற வண்டியை என் செய்வது?

முதற்கண் உயிர், பிறகே வண்டி. நீர் ஏறிக்கொண்டிருந்தால் அனைவரும் உடனே இறங்கி மேட்டுக்குச் செல்லுதல் வேண்டும். கதவு திறக்க மறுத்தால், கண்ணாடியை இறக்கும் மின்விசை ஓய்ந்துபோகுமுன் சன்னல் வழியாக வெளியேறலாம். அறுந்த மின்கம்பி, மூடியற்ற சாக்கடைக் குழி ஆகியவற்றின்மீது கண் வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, சாவியைத் தொடாதிருத்தல். தள்ளும்போது ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாத அளவுக்கு மட்டும் சாவி நிற்கலாம். செல்ஃப் நிலைக்கு அது போகவே கூடாது. பட்டன் வைத்த வண்டிக்கும் இது பொருந்தும். கியரில் போட்டுத் தள்ளிக் கிளப்புதலும் கூடாது. அதுவும் பிஸ்டனை நீரின்மேல் மோத வைக்கும் செயலே. நியூட்ரலில் வைத்து மேடான இடத்துக்குத் தள்ளுக. இயலுமானால் பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றிவிடுக. ஈரத்தில் மின்சாரம் ஓடினால் மின்னணுக் கருவிகள் கெடும்.

மூன்றாவது, நீர் நின்ற அளவும் வண்டி நின்ற இடமும் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தல். வண்டியைக் கயிறு கட்டி இழுப்பதைவிட, சுமந்து செல்லும் மீட்பு வண்டியில் ஏற்றுவதே நலம். தானியங்கி கியர் உள்ள வண்டிக்கு அது மிகவும் தேவையாகும்.

பழுது பார்ப்பவர் செய்யும் பணிகளையும் அறிந்திருத்தல் நல்லது. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பார். அது நனைந்திருந்தால் நீர் உள்ளே சென்றிருக்கக்கூடும். அடுத்து ஆயிலை அளக்கும் கம்பியை உருவிப் பார்ப்பார். ஆயில் பால் கலந்த தேநீர் போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றியபின், கிராங்க் தண்டைக் கையால் மெல்லச் சுற்றுவார். பிளக் இருந்த துளைகளின் வழியே நீர் பீய்ச்சிக்கொண்டு வெளியேறும். டீசலில் இன்ஜெக்டரையோ ஹீட்டர் பிளக்கையோ கழற்றிச் செய்வார். நீர் நீங்கியபின் உருளைகளில் சிறிது ஆயில் விட்டு, ஆயிலையும் அதன் ஃபில்டரையும் மாற்றிச் சற்றே ஓடவிட்டு, மீண்டும் ஒருமுறை மாற்றுவார். கியர் ஆயில், பிரேக், சக்கர பேரிங், எரிபொருள் தொட்டி ஆகியவற்றையும் சோதித்தல் வேண்டும். இவற்றைச் சில நாள்களுக்குள் செய்தால் பொறி பிழைக்கும். கிடப்பில் போட்டால் உருளைச் சுவரில் துரு ஏறிவிடும்.

நீரைக் கடந்து வண்டி நிற்காமல் வந்துவிட்டாலும் கவனம் தேவை. நனைந்த பிரேக் உடனே பிடிக்காது. மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை இலேசாகப் பலமுறை அழுத்தி உலர்த்துதல் வேண்டும். மின்சார வண்டியில் காற்றை உறிஞ்சும் பொறி இல்லாமையால் நீர்ப்பூட்டு நேராது. ஆயினும் மூழ்கிய மின்சார வண்டியைத் தொடுவதோ மின்னேற்றம் செய்வதோ ஆபத்தானது. அதற்கெனப் பயின்றவரே அதனைத் தொடுதல் வேண்டும்.

காப்பீடு பற்றிய தெளிவு

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருப்போர்க்கு வெள்ளச் சேதத்தில் ஒரு ரூபாயும் கிடையாது. வண்டியின் சொந்தச் சேதத்தையும் சேர்த்து எடுத்த முழுக் காப்பீட்டில் வெள்ளம், புயல் ஆகியவை அடங்கும். ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நின்ற வண்டியைக் கிளப்ப முயன்றதால் பொறி உடைந்தால், அது வெள்ளத்தால் நேர்ந்த சேதமன்று, பின்விளைவாக நேர்ந்தது என்று கூறி நிறுவனங்கள் மறுப்பதுண்டு. பழுது நீக்காமல் வண்டியை இயக்கிச் சேதத்தைப் பெருக்கினால் அது உரிமையாளரின் பொறுப்பே என்ற நிபந்தனையும் ஆவணத்தில் உள்ளது. பொறிப் பாதுகாப்பு என்று தனியாகக் கட்டணம் செலுத்திச் சேர்க்கும் பிரிவு இருந்தால் இதற்கும் பெரும்பாலும் இழப்பீடு கிடைக்கும். நம் இளைஞரிடம் முழுக் காப்பீடு இருந்தது, அப்பிரிவு இல்லை. இருக்கைக்கும் மின் இணைப்புக்கும் பணம் வந்தது, பொறிக்கு வரவில்லை. நீர்நிலைகள் நிறைந்த மாவட்டத்தில் வாழ்வோர் மழைக்காலத்துக்கு முன்பே தம் ஆவணத்தை எடுத்து ஒருமுறை படித்துவிடுதல் நன்று.

வெள்ளம் தந்த படிப்பினை

2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சென்னையிலும் அதனைச் சூழ்ந்த மாவட்டங்களிலும் எண்ணற்ற ஊர்திகள் மூழ்கின. நீர் வடிந்ததும் பலர் செய்த முதற்காரியம் சாவியைத் திருப்பியதே. அவ்வாறு செய்யலாகாது என்று வண்டி நிறுவனங்கள் வேண்டிக்கொண்ட செய்தி பலரை எட்டுமுன் பொறிகள் உடைந்துவிட்டன. ஆனால் மக்கள் கற்றுக்கொண்டனர். 2023ஆம் ஆண்டு மிக்ஜாம் புயலை அடுத்து வந்த 2024ஆம் ஆண்டு அக்டோபர் மழை எச்சரிக்கையின்போது, வேளச்சேரி மேம்பாலத்தின்மீது மக்கள் தம் மகிழுந்துகளை வரிசையாகக் கொண்டு போய் நிறுத்தியதை நாடே கண்டது. மழைக்கு முன் மேட்டில் நிறுத்துவதைக் காட்டிலும் சிறந்த மருத்துவம் மகிழுந்துக்கு இல்லை.

நிறைவுரை

பொறியைப் பிரித்த அந்நாளில் இளைஞரின் தந்தையும் பட்டறைக்கு வந்திருந்தார். வாழ்நாளெல்லாம் தறியில் அமர்ந்தவர். வளைந்த தண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மகனிடம் சொன்னார்: "பாவில் ஓர் இழை அறுந்தால் நாம் என்னப்பா செய்வோம்? மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு இழையைத் தேடுவோம். தெரிந்தும் மேலே மிதித்தால் சேலையே பாழ்." அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அச்சொல் நமக்கும் உரியது என்பதை உணர்ந்தோம். செலவில் ஒரு பகுதியை நாம் ஏற்றுக்கொண்டோம். எனினும் முழுமையாக ஈடு செய்துவிட்டோம் என்று சொல்வதற்கில்லை.

மருத்துவர் வேறு, அறுவை செய்பவர் வேறு எனப் பிரித்து, அவரவர் பணியை அவரவரிடம் ஒப்படைத்தது திருமுக்கூடல் கல்வெட்டு. அதைப் படித்துவிட்டு வந்த அன்றே, நமக்குத் தெரியாத பொறிக்கு நாம் மருத்துவம் சொன்னோம். மாணவச் செல்வங்களே, உங்கள் ஆசிரியர் சொன்னாலும், பெரியோர் சொன்னாலும், வெள்ளத்தில் நின்ற வண்டியின் சாவியைத் திருப்பாதீர்கள். அவர்களிடம் பணிவோடு காரணத்தை விளக்குங்கள். இக்கட்டுரையை வீட்டில் வண்டி ஓட்டுவோர்க்குப் படித்துக் காட்டுங்கள். பெரியோர்களே, "வேண்டாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன் ஐயா" என்று ஓர் இளைஞர் தயங்கினால், அத்தயக்கத்துக்கு ஒரு நிமிடம் செவி கொடுப்போம்.